நீராவிக் கால விழாவுடை

ஆள் பாதி, ஆடை பாதி என்பது நம் நாட்டுப் பழமொழி. ஒருவன் இன்ன ஊரினன், இன்ன தொழிலினன் என்பதை அவன் வாய் திறக்குமுன்னரே அவனது உடை உரைத்துவிடுகின்றது. ஆகலின், ஒரு விழாவிற்கு எதை உடுத்துச் செல்வது என்னும் வினா பார்வைக்கு எளிதாயினும் உண்மையில் அத்துணை எளிதன்று. அதிலும், இக்காலத்து இளைஞர் சிலர் விருப்புடன் மேற்கொள்ளும் 'ஸ்டீம்பங்க்' என்னும் நீராவிக் காலக் கோலத்தை முதன்முறையாகப் புனைந்து, பெரியோர் நிறைந்த அவைக்குச் செல்ல விழைவார்க்கு ஐயங்கள் பல எழும். நம் பழைய மாணவருள் ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம் பக்கத்துத் தொழிற்சாலைகளில் அலுவல் பார்ப்போர் உளர். பகலெல்லாம் இயந்திரங்களோடு பழகும் அவர்க்கும், இன்று வகுப்பிலிருந்து நாளை அங்குச் செல்லவிருக்கும் மாணவ மாணவியர்க்கும், மணவிழா வரவேற்பு, கல்லூரி ஆண்டு விருந்து போன்ற நிகழ்ச்சிகளுக்கு அக்கோலத்தை எவ்வாறு அமைத்துக்கொள்வது என்பதை ஈண்டு ஒருவாறு விளக்கக் கருதுகின்றோம்.

முதலில் அச்சொல்லின் வரலாற்றைக் காண்போம். 1987ஆம் ஆண்டில் கே. டபிள்யூ. ஜீட்டர் என்னும் அமெரிக்க நாவலாசிரியர் 'லோகஸ்' என்னும் இதழுக்கு வரைந்த கடிதமொன்றில் இச்சொல்லைப் பாதி விளையாட்டாகவே படைத்தார். தாமும் தம் நண்பர் சிலரும் எழுதிய, விக்டோரியா அரசியார் காலத்தைக் களமாகக் கொண்ட விந்தைக் கதைகளுக்கு அவர் இட்ட பெயர் அது. மின்சாரமும் பெட்ரோலும் அரசுகட்டில் ஏறாமல் நீராவியே உலகை ஆண்டிருப்பின் எவ்வாறிருக்கும் என்னும் கற்பனையே அக்கதைகளின் உயிர்நாடி. ஜூல்ஸ் வெர்ன், எச். ஜி. வெல்ஸ் ஆகியோரின் பழைய கதைகள் இவற்றிற்கு முன்னோடிகள். நாளடைவில் அக்கற்பனை ஏட்டை விட்டு இறங்கி உடையாகவும் அணியாகவும் உருக்கொண்டது. 2009ஆம் ஆண்டில் ஆக்ஸ்ஃபோர்டிலுள்ள அறிவியல் வரலாற்றுக் காட்சிச்சாலையிலேயே இக்கலைக்கென ஒரு கண்காட்சி நடைபெற்றது. நீண்ட கோட்டு, உள்ளே கையில்லாச் சட்டை, சங்கிலி பூட்டிய பைக்கடிகாரம், தோல்வார், பித்தளைப் பொத்தான், உயர்ந்த தொப்பி, தூசி புகாக் கண்ணாடி, ஆங்காங்கே பற்சக்கரங்கள் ஆகியவையே அக்கோலத்தின் பொது இலக்கணம்.

இவ்விலக்கணத்தைக் கேட்டவுடனே நம்மவர்க்கு ஓர் ஐயம் எழுதல் இயல்பு. அவ்வுடை யாருடைய உடை? அது விக்டோரியா காலத்து ஆங்கிலக் கனவான்களின் உடை. நீராவி நம் நாட்டிற்கு வந்த வரலாறோ வேறு. தென்னாட்டின் முதற் புகைவண்டி 1856ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் முதல் நாளில் இராயபுரத்திலிருந்து ஆற்காட்டுப் பக்கத்து வாலாஜாவை நோக்கிப் புறப்பட்டது. அந்நாளில் நம் நாடு அயலார் ஆட்சியின்கீழ் இருந்தது. அதே நீராவியால் ஓடிய மான்செஸ்டர் ஆலைகளின் துணி வந்திறங்கி நம் நெசவாளர் பிழைப்பிற் கை வைத்தது. ஆயின், நீராவி ஆள்வோர்க்கு மட்டும் அடிமை பூண்டதன்று. 1906ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரம் பிள்ளை தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பற் கம்பெனியைத் தொடங்கினார். காலியா, லாவோ என்னும் இரு கப்பல்கள் அக்கம்பெனியின் சார்பில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே ஓடின. அயலாரை எதிர்க்க அயலாரின் இயந்திரத்தையே கையாண்ட தலைப்பாகைத் தமிழர் அவர். ஆகவே நீராவிக் காலம் ஆங்கிலக் கனவான்களுடையது மட்டும் அன்று. நம்முடைய நீராவிக் காலம் ஒன்று உண்டு. அக்காலத்திற்குரிய உடையும் உண்டு.

உடையை விரும்பி ஏற்பதற்கும் வேறு வழியின்றி ஏற்பதற்கும் உள்ள வேற்றுமையை அறிய ஒரு சான்று காட்டுவோம். ஸ்ரீபெரும்புதூர், 1017ஆம் ஆண்டில் இராமாநுசர் தோன்றிய திருப்பதி என்பது யாவரும் அறிந்ததே. அவர் பெயரைத் தாங்கிய கணித மேதை சீனிவாச இராமானுஜன் 1914ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 17ஆம் நாள் 'நெவாசா' என்னும் நீராவிக் கப்பலிற் சென்னையிலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். புறப்படுமுன் அவரது குடுமி களையப்பட்டது. வேட்டி நீங்கிக் காற்சட்டையும் கோட்டும் கழுத்துப்பட்டையும் வந்தன. கேம்பிரிட்ஜ் சேர்ந்த பின்னரும் சப்பாத்து அவர் கால்களை வருத்தவே, அவர் செருப்பையே நாடினார் என்ப. நீராவிக் காலத்தின் விழாவுடையை முதன்முறையாக அணிய நேர்ந்த தமிழர் ஒருவரின் உண்மைக் கதை இது. அவர் கணக்கை உலகம் தலைவணங்கி ஏற்றது. அவர் வேட்டியை மட்டும் துறைமுகத்திலேயே விட்டுச் செல்லும்படி ஆயிற்று.

உடுக்கும் உரிமை நம் நாட்டினுள்ளேயும் எளிதில் கிடைத்ததன்று. தென்திருவிதாங்கூரில் நாடார் குலப் பெண்டிர் மேலாடை அணிவதற்குத் தடை இருந்தது. பல்லாண்டுப் போராட்டத்தின் பின்னரே, 1859ஆம் ஆண்டில், அவர்கள் குப்பாயம் என்னும் மேற்சட்டை அணியலாம் என்று அந்நாட்டு மன்னர் அறிக்கையிட்டார்; அப்போதும், மேற்குலப் பெண்டிரைப் போல உடுத்தலாகாது என்னும் கட்டுப்பாடு நீங்கவில்லை. அண்மைக் காலத்தையும் எண்ணிப் பார்ப்போம். 2014ஆம் ஆண்டு ஜூலைத் திங்களிற் சென்னையிலுள்ள ஒரு மன்றத்தில் நடந்த நூல் வெளியீட்டு விழாவிற்கு வேட்டி கட்டிச் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவர் வாயிலிலேயே தடுக்கப்பட்டார். அதன் பயனாக, பொதுவிடங்களில் வேட்டியைத் தடுத்தலாகாது என அவ்வாண்டிலேயே தமிழ்நாட்டுச் சட்டமன்றம் சட்டம் இயற்றியது. 1859, 1914, 2014 என்னும் இம்மூன்று ஆண்டுகளையும் மனத்திற் கொண்டால், விழாவுடை என்பது வெறும் வேடிக்கையன்று என்பது விளங்கும். ஆகவே, நாமே விரும்பி நீராவிக் காலக் கோலம் பூணும்போது, மறுபடியும் வேட்டியை வாயிலில் விட்டுச் செல்வது தகுமோ என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இனி, இக்கோலத்தைப் புனைவோர் வாழும் பக்கத்தின் இயல்பைச் சிறிது நோக்குவோம். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோயிலுக்குச் செல்லும் சாலையும், வண்டலூரிலிருந்து வாலாஜாபாத்திற்குச் செல்லும் சாலையும் ஒரகடத்தில் ஒன்றையொன்று வெட்டிச் செல்கின்றன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் மோட்டார் வண்டிகள் செய்யத் தொடங்கியது முதல், அடுத்தடுத்துப் பல ஆலைகள் இப்பக்கத்தில் எழுந்தன. 2010இல் ரெனோ-நிசான், 2012இல் டைம்லர், 2013இல் ராயல் என்ஃபீல்டு என இவை ஒரகடத்தை நாடி வந்தன. ஆனால் வியப்பொன்று உண்டு. இத்துணை இயந்திரம் செய்யும் ஸ்ரீபெரும்புதூருக்கு நீராவிப் புகைவண்டி ஒருநாளும் வந்ததில்லை. ஏரிப் பாசனத்திலும் மாட்டு வண்டியிலும் வாழ்ந்த பூமி, நீராவிக் காலத்தைத் தாண்டி, தானே இயங்கும் இயந்திரக் கைகளின் காலத்திற்கு ஒரே தாவாய்த் தாவிற்று. ஆகலின் அங்கு வாழும் இளைஞர் நீராவிக் காலத்தைக் கற்பனை செய்வது, பிறந்த ஊரில் நிகழாத ஒன்றைக் கற்பனை செய்வதேயாகும். ஸ்டீம்பங்க் என்னும் கலைக்கு இதனினும் ஏற்ற நிலம் யாது?

நிற்க. கோலத்தை அமைக்கும் முறைக்கு வருவோம். இதற்கு முதல் விதி ஒன்றே. உடலில் ஏறும் ஒவ்வொரு பொருளும் ஏதேனும் ஒரு வேலை செய்தல் வேண்டும். தொப்பியில் ஒட்டிய பற்சக்கரம் எதையும் சுழற்றுவதில்லை. எனவே அது இயந்திரமும் அன்று, அணியும் அன்று. புதிதாகப் புனைவோர் பெரும்பாலும் இங்கேதான் இடறுகின்றனர். புதுப்பேட்டையிலோ வேறு காயலான் கடையிலோ கிடைத்த சக்கரங்களையெல்லாம் பசையிட்டு ஒட்டிக்கொண்டு அவையேறுகின்றனர். சக்கரம் வேண்டுமாயின் சுழலும் சக்கரத்தை அணிக. அஃது எங்கே கிடைக்கும் என்பதைப் பின்னர்க் கூறுவோம்.

முதலாவது, அரையுடை. ஸ்ரீபெரும்புதூருக்குத் தென்மேற்கே, சிறிது தொலைவிலேயே காஞ்சிபுரம் உள்ளது. அங்குப் பட்டுத்தறியின் மேலே 'ஜக்கார்டு பெட்டி' என்னும் கருவி அமைந்திருப்பதையும், துளையிட்ட அட்டைகள் மாலைபோற் கோக்கப்பட்டு அதன்மேல் ஏறி இறங்குவதையும் நம்மிற் பலர் கண்டிருத்தல் கூடும். துளையுள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய பாவு நூல் மேலெழும். துளையில்லாத இடத்தில் ஊசி தடைபடும். நூல் கிடந்தபடியே கிடக்கும். இவ்வாறு ஓர் அட்டைக்கு ஓர் இழையாக, கரையிலுள்ள அன்னமும் மாங்காயும் உருப்பெறுகின்றன. பிரான்சு நாட்டு லியோன் நகரத்து ஜோசப் மாரி ஜக்கார்டு 1804ஐ ஒட்டி ஆக்கிய பொறி இது. சார்லஸ் பாபேஜ் என்னும் ஆங்கிலக் கணித அறிஞர் 1830களில் தாம் திட்டமிட்ட கணக்கிடு பொறிக்குக் கட்டளை கொடுக்க இத்துளையட்டைகளையே மேற்கொள்ளக் கருதினார். பொறி முற்றுப்பெறவில்லை; எனினும் இன்றைய கணிப்பொறியின் முன்னோன் அதுவே. பாபேஜின் பொறிகள் வெற்றி பெற்றிருந்தால் உலகம் எவ்வாறிருக்கும் என்னும் கற்பனையே வில்லியம் கிப்சனும் புரூஸ் ஸ்டெர்லிங்கும் 1990இல் எழுதிய 'டிஃபரன்ஸ் எஞ்சின்' என்னும் நாவலாயிற்று. ஸ்டீம்பங்க் கதைகளைப் பலர் அறியச் செய்த நூல்களுள் அது தலையாயது.

இதனால் விளைவது யாது? ஜக்கார்டில் நெய்த கரையுடைய ஒரு காஞ்சிப் பட்டு வேட்டியோ சேலையோ, ஒட்டுச் சக்கரங்கள் நூறு அணிந்த கோட்டைக் காட்டிலும் உண்மையான ஸ்டீம்பங்க் உடையாகும். அதன் கரையில் இயந்திரத்தின் சிந்தனையே நெய்யப்பட்டுள்ளது. ஆதலின், கோலத்தின் அடிப்படை வேட்டியும் சேலையுமாகவே இருக்கட்டும் என்பது நம் துணிபு. பட்டு வாங்க இயலாதார் நல்ல கரையிட்ட பருத்தி வேட்டி உடுக்கலாம். வீட்டில் பாட்டனாரின் வேட்டியோ பாட்டியாரின் சேலையோ பெட்டியிற் கிடக்குமாயின் அதுவே மேல்.

இரண்டாவது, மேலுடை. நீராவிக் காலத்துத் தமிழ் வழக்கறிஞரும் ஆசிரியரும் பத்திரிகையாளரும் வேட்டியின்மேல் கோட்டு அணிந்தனர் என்பதை அக்காலப் புகைப்படங்கள் காட்டும். பாரதியாரின் கோட்டும் தலைப்பாகையும் அறியாதார் யார்? நம் கோலத்திற்குப் பொருத்தமானது கழுத்து மூடிய 'குளோஸ் கோட்டு'. கம்பளித் துணி நம் வெயிலுக்கு ஆகாது. பருத்தி டிரில் துணியே தகும். கரும்பழுப்பு, கருநீலம், காக்கி ஆகிய நிறங்கள் பித்தளையோடு இணங்கும். துணியை ஓரிரவு நீரில் ஊறவைத்து உலர்த்திய பின்னரே தையற்காரரிடம் கொடுத்தல் வேண்டும். இன்றேல் முதற் சலவையிலேயே கோட்டு சுருங்கிக் கையேறிவிடும். உள்துணி தோளுக்கு மட்டும் போதும், முதுகிற்கு வேண்டா. நீளம் தொடையின் நடுவரை வருவது பழைய முறை. உள்ளே கையில்லாச் சட்டை வேண்டும் என்போர் அதனைப் பட்டிலோ கோடிட்ட துணியிலோ தைத்துக்கொண்டு, கோட்டைத் திறந்து அணியலாம்.

மகளிர் அக்காலப் படங்களிற் காணும் உயர்ந்த கழுத்தும் உப்பிய தோட்கையும் உடைய ரவிக்கையைத் தைத்துக்கொள்ளலாம். அதன் கழுத்திலும் கையிலும் லேஸ் வைத்தல் நன்று. நாகர்கோவிலில் 1820ஐ ஒட்டி மார்த்தா மால்ட் என்னும் மிஷன் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னும் தொழிலைக் கற்பித்தார். மேலாடை மறுக்கப்பட்ட நாட்டிலேயே பெண்கள் தம் கையால் லேஸ் பின்னிப் பொருளீட்டினர். அந்நாட்டுப் பின்னல் ஒரு முழம் ரவிக்கையில் இருப்பின், அதனைப் பற்றிக் கேட்பார்க்குச் சொல்லத்தக்க கதையும் உடன் இருக்கும்.

மூன்றாவது, கடிகாரம். சுழலும் சக்கரத்தை அணிக என்றோமன்றோ? அஃது இதுவே. சாவி கொடுக்கும் பைக்கடிகாரத்தினுள் சுருள்வில் மெல்ல விரிந்து சக்கரங்களைத் தள்ளுகின்றது. தராசுச் சக்கரம் இங்கும் அங்கும் அசைந்து அவ்வேகத்தை அளந்து விடுகின்றது. சங்கிலி அழகுக்காக ஏற்பட்டதன்று. கடிகாரம் நழுவி விழாதிருக்க ஏற்பட்டது. ஆகவே அதன் ஒரு முனை கடிகாரத்திலும் மறுமுனை பொத்தான் துளையிலும் மாட்டியிருத்தல் வேண்டும். எச்.எம்.டி. நிறுவனத்தின் கடிகாரப் பிரிவு 2016இல் மூடப்பட்டதாயினும், அதன் பழைய சாவிக் கடிகாரங்கள் பழம்பொருள் விற்பாரிடம் இன்னும் அகப்படுகின்றன. காரைக்குடிப் பழம்பொருட் கடைகளிலும் தேடலாம். பின்மூடி கண்ணாடியாக அமைந்த கடிகாரம் கிடைப்பின் மிக நன்று.

இக்கடிகாரத்தை எந்த நேரத்திற்குத் திருத்தி வைப்பது? இதிலும் ஒரு சுவை உண்டு. 1906ஆம் ஆண்டு சனவரி முதல் நாள் இந்தியப் பொது நேரம் வழக்கிற்கு வந்தது. அதற்கு முன்னர், இந்தியப் புகைவண்டிகள் சென்னை வானாய்வுக் கூடத்தின் நேரத்தையே கொண்டு ஓடின. அந்நேரம் கிரீன்விச்சு நேரத்திற்கு 5 மணி 21 நிமிடம் முற்பட்டது. அதாவது இன்றைய நேரத்திற்கு ஏறக்குறைய 9 நிமிடம் பிற்பட்டது. நம் கடிகாரத்தை அப்பழைய சென்னை நேரத்தில் ஓடவிடலாம். விருந்திற்குச் செல்லும் நேரத்தை மட்டும் கைப்பேசியிற் பார்த்துக்கொள்க. இன்றேல் 9 நிமிடம் பிந்தி, பந்தியில் இடமிழப்போம்.

நான்காவது, தோல். அரையிற் கட்டும் வார் அகலமாகவும் பை தைத்ததாகவும் இருக்கட்டும். வேட்டியின்மேல் பை வைத்த பெல்ட்டு அணியும் வழக்கம் நம் வணிகரிடையே நெடுநாளாக உள்ளது. அது பணம் காக்கும் வேலை செய்கின்றது. ஆவாரம்பட்டையிற் பதனிட்ட தோலையே கேட்டு வாங்குக. அப்பட்டையிலுள்ள துவர்ப்புப் பொருள் தோலை அழுகாமற் காக்கின்றது. அவ்வாறு பதப்பட்ட தோல் முதலில் வெளிறிய பழுப்பாயிருந்து, கைபடக் கைபடக் கருமையேறி அழகு பெறும். குரோம் உப்பிட்டுப் பதனிடும் முறை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் என்பவரால் சென்னைக்கு வந்தது. தாம்பரத்திற்கு வடக்கேயுள்ள குரோம்பேட்டை அத்தகைய தோல் செய்த கம்பெனியொன்றின் பெயரால் ஏற்பட்ட ஊரேயாம். குரோம் தோல் நீர் தாங்கும். ஆயின் ஆவாரந்தோலைப் போல் முதுமை எய்தி அழகுறுவதில்லை.

ஐந்தாவது, பித்தளை. பொத்தான், வாரின் கொளுவி, சங்கிலி இம்மூன்றிற்கு மேல் வேண்டா. செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை காற்றுப்பட்டு மங்கும். புளியைக் கரைத்துத் தேய்த்தால் அதிலுள்ள புளிப்பு அம்மங்கலைக் கரைத்துவிடும் என்பது நம் அடுக்களை அறிந்த வேதியியல். தேய்த்தபின் நன்கு கழுவித் துடைத்து உலர்த்துக. ஈரமும் எண்ணெயும் உள்ள சங்கிலி வெள்ளை வேட்டியில் பச்சைக் கறையிடும். பட்டிற் பட்டால் அக்கறை போவது அரிது.

தலைக்குத் தலைப்பாகையே போதும். உயர்ந்த ஆங்கிலத் தொப்பி வேட்டிக்கு இசையாது. காலுக்கு, பழகிய தோற்செருப்போ கட்ஷூவோ தகும். புதிய சப்பாத்தை விழாநாளன்றே முதன்முறை அணிவோர் இராமானுஜன் பட்ட பாட்டைத் தாமும் படுவர்.

எஞ்சியது கண்ணாடி. இக்கோலத்திற்குக் கண்ணாடியே அடையாளம் எனப் பலர் கருதுவர். புகைவண்டியின் கரித்தூளினின்றும் சாலைப் புழுதியினின்றும் கண்ணைக் காக்க ஏற்பட்டது அது. விருந்து மண்டபத்திற் கரித்தூள் இல்லை. ஆதலின் அதற்கு அங்கு வேலையும் இல்லை. முதல் விதிப்படி அதனை நீக்குவதே முறை. ஒரு செய்தியை வற்புறுத்திக் கூறுவோம். தொழிற்சாலையிற் கொடுத்த காப்புக் கண்ணாடியை எக்காரணத்தாலும் இக்கோலத்திற்கெனக் கொணர்தல் கூடாது. அது ஒரு தொழிலாளியின் கண்ணைக் காக்கும் கருவி. கீறலுற்றால் மறுநாள் வேலைக்கு உதவாது. அவ்வாறே, விழாவுடையோடு ஆலையினுள் நுழைதலும் ஆகாது. தொங்கும் அங்கவஸ்திரமும் முந்தானையும் சங்கிலியும் ஓடும் இயந்திரத்திற் சிக்கினால் உயிருக்கே இறுதியாகும். இயந்திரத்தைப் போற்றும் உடை இயந்திரத்தின் அருகே செல்லத் தகாதது என்பது விந்தையாயினும் உண்மை.

இவ்விடத்தில் இன்னொரு கருத்தும் எழுகின்றது. ஸ்டீம்பங்க் கோலத்திற் பெரும்பாலும் நாம் காண்பது கண்டுபிடிப்பாளனும் கப்பல் தலைவனும் கனவானுமே. கொதிகலத்திற்குக் கரி வாரியிட்டவன் எங்கே? ஆலையில் நூல் இழைத்தவள் எங்கே? சென்னையின் பக்கிங்ஹாம், கர்னாட்டிக் ஆலைகள் காக்கித் துணிக்குப் பெயர் பெற்றவை. 1996இல் அவை மூடப்பட்டன. அவ்வாலைத் தொழிலாளரின் இடைவேளைக் குறைவு முதலிய இன்னல்களைக் கண்டு, 1918ஆம் ஆண்டு ஏப்ரலில், செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்னின்று முயல, பி. பி. வாடியாவைத் தலைவராகக் கொண்டு சென்னைத் தொழிலாளர் சங்கம் தோன்றிற்று. திரு. வி. க. அதற்குப் பெருந்துணையாய் நின்றார். இந்தியாவில் ஒழுங்குற அமைந்த தொழிற்சங்கங்களுள் முதலாவதாக அது எண்ணப்படுகின்றது. நூறாண்டு கடந்து, 2024ஆம் ஆண்டில், ஸ்ரீபெரும்புதூரை அடுத்த தொழிற்சாலையொன்றில் ஒரு திங்களுக்கு மேல் நடந்த வேலைநிறுத்தத்திலும் சங்கத்தை ஏற்றல் வேண்டும் என்பதே தலையாய கோரிக்கையாயிருந்தது. நீராவி போயிற்று, அக்காலம் எழுப்பிய கேள்விகள் போகவில்லை. ஆதலின், கனவானின் கோட்டையே நாடாமல், காக்கி டிரிலில் தைத்த கோட்டை ஒருவர் அணிவாராயின், அதனைச் சிறப்பென்றே கொள்வோம். அக்கோட்டில் உழைத்தவனின் நினைவும் உள்ளது.

இயந்திரத்தின் உண்மை அழகை அறிந்தே உடை புனைய வேண்டும் என்போர் இரண்டு இடங்களைக் காண்க. ஒன்று, சென்னைப் பெரம்பூர்ப் பக்கத்து இரயில் காட்சிச்சாலை. மற்றொன்று, நீலகிரி மலை இரயில். 1899இல் குன்னூருக்கும் 1908இல் உதகைக்கும் எட்டிய அவ்விருப்புப்பாதையில், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரையுள்ள பகுதியில் நீராவி இயந்திரங்கள் வண்டியை மலையேற்றுகின்றன. அவற்றுள் சில நம் திருச்சிராப்பள்ளிப் பொன்மலைப் பணிமனையிலேயே புதியனவாகச் செய்யப்பெற்றவை. அங்கே ஒரு தண்டு கூட, ஒரு சக்கரம் கூட வீணாக இல்லை என்பதைக் காண்பார்க்கு நம் முதல் விதியை மறுமுறை கூற வேண்டுவதில்லை.

இறுதியாக, செய்முறை வரிசையைச் சுருங்கக் கூறுவோம். விழாவிற்கு ஒரு திங்கள் முன்னரே துணி எடுத்துத் தையலுக்குக் கொடுக்க. அதற்கிடையே வாரும் கடிகாரமும் தேடுக. வாங்குவதினும் வீட்டிற் கிடப்பதை எடுப்பது நன்று. எடுப்பதற்கில்லையேல் இரவல் பெறுதலும் இழிவன்று. ஒரு வாரம் முன்னர் முழுக்கோலத்தையும் அணிந்து, நடந்தும் அமர்ந்தும், வாழையிலை முன் குனிந்து உண்டும் பார்க்க. எது உறுத்துகின்றதோ, எது இலையில் விழுகின்றதோ, அதனை நீக்குக. மணவிழாவாயின் மணமக்களினும் மிகுந்து தோன்றுதல் கூடாது. விழாவிற்கு உரியாரிடம் முன்னரே ஒரு சொல் கூறிவிடுதல் பண்பு. எவரேனும் வந்து 'இது என்ன வேடம்?' என்று வினவின், சினவாது, கரையின் துளையட்டையையும் வாரின் ஆவாரம்பட்டையையும் கடிகாரத்தின் சென்னை நேரத்தையும் எடுத்துரைக்க. விடை சொல்ல இயலாத பொருளொன்று உடலில் இருக்குமாயின், அதுவே கழற்ற வேண்டிய பொருள்.

நம் முன்னோர்க்கு நீராவிக் காலத்தின் உடை கட்டளையாக வந்தது. நமக்கோ அது விருப்பமாக வருகின்றது. இவ்விருப்பத்தைப் பெறுவதற்குப் பெண்கள் தெருவிற் போராடினர். அறிஞர் ஒருவர் குடுமி இழந்தார். நாட்டில் ஒரு சட்டமும் இயற்ற வேண்டியதாயிற்று. ஆதலின் அதனை அறிந்து அணிவோம், அணிந்து மகிழ்வோம். வேட்டியும் சேலையும் இயந்திர யுகத்திற்கு ஒவ்வாதவை என்பார் உளராயின், காஞ்சித் தறியின் அட்டைகளை அவர்க்குக் காட்டி விடை தருவோம்.